கணக்கு ஒன்று, போட்டவர் இருவர்!



வருஷக்கணக்காக மண்டையைக் குடைந்து ஒரு விடை கண்டுபிடிக்கிறோம். எழுதி அனுப்பினால், இது ஏற்கெனவே வந்துவிட்டது என்று கட்டுரை திரும்பி வருகிறது. வேறொருவர் வேறொரு நாட்டில் அதே விடையை அச்சேற்றிவிட்டார்! ஆராய்ச்சி செய்கிறவர்கள் பலருக்கு இந்த வலி தெரியும். அவர்களுக்காகவும், நாளை அந்தப் பக்கம் போகப்போகிற தம்பிகளுக்காகவும் நம்ம தென்பாண்டிச் சீமையில் பிறந்த ஒருவரைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன். அவர் கணிதமேதை எஸ்.எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1901 ஏப்ரல் 5-ல் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம் கிராமத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாய் போய்விட்டார். செங்கோட்டைப் பள்ளியில் படிப்பு. பள்ளிப் படிப்பு முடிகிற சமயத்தில் தந்தையும் போய்விட்டார். அதோடு படிப்பு நின்றிருக்க வேண்டியது. பையனின் கணக்குத் திறமையைக் கண்டுவைத்திருந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தன் கைப்பணத்தைக் கொடுத்துப் படிக்க வைத்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பிறகு 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அங்கே ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகிய இருவரும் வழிகாட்டிகள். 1929-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே வருஷம்தான்!

அங்கேதான் வாரிங் கணக்கைக் கையில் எடுத்தார். 1770-ல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங் போட்டுவிட்டுப் போன புதிர் அது. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். 7 என்றால் 4+1+1+1. நான்குக்குக் குறைத்து முடியாது. கன எண்கள் என்றால் ஒன்பது போதும். 23-க்கு இரண்டு எட்டும் ஏழு ஒன்றும் வேண்டுமே! சரி, 4-ஆம் அடுக்கு, 5-ஆம் அடுக்கு, 100-ஆம் அடுக்கு என்று போனால் எத்தனை தேவை? ஏதோ ஒரு எண்ணிக்கை போதும் என்று ஜெர்மனியின் ஹில்பர்ட் 1909-ல் நிரூபித்தார். ஆனால் அந்த எண்ணிக்கை எத்தனை என்பது தெரியாமலே இருந்தது.

1930-களில் ரஷ்யாவின் வினோகிராதவ் ஒரு புதிய வழிமுறையைக் கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு பிள்ளை சிதம்பரத்தில் உட்கார்ந்து, 7-ஆம் அடுக்கிலிருந்து மேலே, ஒரு சிறு நிபந்தனையோடு, சரியான விடையைக் கண்டுபிடித்தார். 7-ஆம் அடுக்குக்கு விடை 143. இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் 1936-ல் அவருடைய கட்டுரை வந்தது. அதே 1936-ல் அமெரிக்காவில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டு டிக்சனும் அதே விடையை வெளியிட்டார்!

ஒருவர் உலகப் புகழ்பெற்ற பேராசிரியர், அறுபது வயதைத் தாண்டியவர். மற்றவர் ஏழு வருஷமே ஆன பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்? யாரும் யாரையும் பார்க்கவில்லை. புதுக் கருவி ஒன்று உலகத்துக்கு வந்துவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் அது கிடைக்கத்தான் செய்யும். நம்ம முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இது விளங்காதா? ஒரே பாரில் இரண்டு பேர் குளித்தால் இரண்டு பேர் கையிலும் சிப்பி இருக்கும். ஒருத்தர் முதலில் மேலே வந்துவிட்டார் என்பதற்காக மற்றவர் மூச்சடக்கியது பொய்யாகிவிடுமா என்ன!

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. பிள்ளை அந்தக் கணக்கை விட்டு ஓடவில்லை. 7-க்குக் கீழே 4, 5, 6 என்று மூன்று அடுக்குகள் பாக்கி இருந்தன. சின்ன எண்தானே என்று நினைக்க வேண்டாம், அவைதான் கடினம். 1940-ல் 6-ஆம் அடுக்கின் விடை 73 என்று பிள்ளை நிரூபித்தார். அதில் பங்குக்கு யாரும் இல்லை. 5-ஆம் அடுக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல்தான் முடித்தார். 4-ஆம் அடுக்கு 19 என்று நம் பாலசுப்பிரமணியனும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் முடிக்க 1986 ஆயிற்று. பிள்ளை செய்த வேலையின் கனம் இதிலிருந்து தெரியும்.

இராமானுஜனுக்கும் இப்படி நடந்திருக்கிறது. அவர் கண்டுபிடித்த இரண்டு சமன்பாடுகளை 1894-லேயே ராஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் வெளியிட்டிருந்தார். 1917-ல் பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது இராமானுஜனே அதைக் கண்டார். மறைக்கவில்லை. யாரும் கவனிக்காமல் கிடந்த ராஜர்ஸின் பெயர் வெளிச்சத்துக்கு வந்தது. 1919-ல் இருவருடைய நிரூபணங்களும் சேர்ந்தே அச்சாயின. இன்று அவற்றின் பெயரே ராஜர்ஸ்–இராமானுஜன் சமன்பாடுகள்.

பிள்ளை 1941 வரை அண்ணாமலையில் இருந்தார். பிறகு திருவிதாங்கூர், அதன்பின் கல்கத்தா பல்கலைக்கழகம். 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஒரு வருஷத்துக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். 1950 ஆகஸ்ட் 31-ல் கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். பிள்ளைக்கு வயது 49. அவருடைய கட்டுரைகள் முழுத் தொகுப்பாக வர 2010 ஆயிற்று. வர்க்கம், கனம் போன்ற அடுக்கு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் பற்றி அவர் விட்டுச்சென்ற யூகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. தம்பிகளே, அது உங்களுக்காகக் காத்திருக்கிறது!

எனவே கட்டுரை திரும்பி வந்தால் இரண்டு நாள் வருத்தப்படுங்கள், தப்பில்லை. மூன்றாம் நாள் முந்தியவருடைய கட்டுரையை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். அவர் வழியும் உங்கள் வழியும் ஒன்றா, எந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார் என்று பாருங்கள். அவர் பெயரை மரியாதையோடு குறிப்பிட்டு, அங்கிருந்து மேலே போங்கள். நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் 73-ஐப் பிடித்தது அப்படித்தான்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் மாணவச் செல்வங்கள்!

– முன்னாள் மாணவர், பொறியாளர், முத்தையாபுரம்