திங்கள் மலையில் பாஷோ

ஹைக்கூவைத் தமிழில் எழுதிப் பார்த்த எவரும் பாஷோவின் பெயரை அறிவர். ஆயினும் அவருடைய பழங்குளத்தையும் தவளையையும் அறிந்த அளவுக்கு அவர் நடந்த வழிகளை அறிந்தவர் சிலரே.

1644இல் ஜப்பானின் இகா நாட்டில் பிறந்த அவர், தாம் பணிசெய்த பிரபுவின் மைந்தர் இளமையிலேயே மறைந்தபின் ஊர் நீங்கினார். எடோ நகரில் கவியாசானாய்ப் புகழ்பெற்றார். மாணவர் ஒருவர் குடிலருகே நட்ட வாழையே அவருக்குப் பெயராயிற்று. 1689 வசந்தத்தில் அக்குடிலையும் துறந்து, மாணவர் ஸோராவுடன் வடதிசை நோக்கி நடந்தார். அகவை நாற்பத்தைந்து, நெடுநாள் வயிற்று நோயாளி.

அவ்வழியில், ஜூலை 22 அன்று, கஸ்ஸான் என்னும் திங்கள் மலையில் ஏறினார். உயரம் 1,984 மீட்டர். குளிர்காலத்தில் ஜப்பான் கடலின் ஈரமெல்லாம் வெண்பனியாய் வந்து குவியும் மலை. கோடையிலும் அது முற்றும் கரைவதில்லை. மண்ணும் பனியும் மாறிமாறி வரும் வழியில் தடம் அடிக்கடி மறையும். கழுத்தில் காகிதப் புரி, தலையில் வெண்துணி எனத் துறவியர் கோலம் பூண்டு, வழிகாட்டி முன்செல்ல, மேகத்துக்குள் நடந்தார். மூச்சு முட்டியது, உடல் விறைத்தது. உச்சியை அடைந்தபோது கதிர் சாய்ந்து நிலா எழுந்ததாம். மூங்கிற்புல்லைப் பரப்பிப் படுத்ததாக அவர் எழுதுகிறார். ஸோராவின் நாட்குறிப்போ அங்கே ஒரு குடிலைக் காட்டுகிறது. ஏறிய நாளும் அதில் இரண்டு நாள் முந்தையது. 1943இல் அது அச்சேறியபின், பாஷோ பொய் புனைந்தார் என்று முணுமுணுத்தவரும் உண்டு. பயணம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய நூலை நாட்குறிப்பாக எண்ணிப் படித்ததால் வந்த குறை அது.

மறுநாள் யுதோனோவுக்கு இறங்கும் வழியில் ஒரு பாறைமேல் களைப்பாற அமர்ந்தார். அருகே மூன்றடி உயரச் செர்ரி மரம். பனியில் புதைந்து கிடந்தும் பாதி விரிந்த மொட்டுகளோடு நின்றது. உச்சியின் நிலவைவிட இம்மரத்தின்முன்தான் அவர் நெடுநேரம் நின்றார் போலும். நூலில் அதன் பக்கம் அத்துணைக் கனிவுடையது.

யுதோனோவில் கண்டதைப் பிறர்க்கு உரைத்தல் கூடாதென்பது அம்மலைத் துறவியர் விதி. அதற்குப் பணிந்து எழுதுகோலைக் கீழே வைத்தார். ஈரமான சட்டைக்கையைப் பற்றி ஒரே ஒரு கவிதை மட்டும் தந்தார். அன்றே மீண்டும் திங்கள் மலையைக் கடந்து ஹகுரோவில் தங்கியிருந்த மடத்துக்குத் திரும்பினார்.

1694இல், மற்றொரு பயணத்தினிடையே, ஒஸாகாவில் மறைந்தார். வடதிசைப் பயணநூல் 1702இல் அச்சேறியது.