கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறியில் ஒரு நிரல் தொடங்க மறுக்குமாயின், பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்ப்பதே நம்மிற் பலருடைய வழக்கம். அவ்வாறன்றி, பிழை எவ்விடத்ததென்று ஒழுங்காகத் தேடுவதையும், பிழை புகும் வழிகளை முன்னரே அடைப்பதையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கிரேஸ் மரே என்பது அவர் பிறந்த வீட்டுப் பெயர். 1906-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். ஏழு வயதில், மணியடித்து எழுப்பும் கடிகாரம் எங்ஙனம் இயங்குகின்றதென்று அறிய விரும்பி ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்டத் தெரியவில்லை. வழி காணும்பொருட்டு மற்றொன்றைப் பிரித்தார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் பிரிந்து கிடந்தபோதுதான் தாயார் செய்தி அறிந்தார். இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்பதே அவர் இட்ட கட்டளை.

வாசர் கல்லூரியில் 1928-இற் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகத்தில் 1934-இற் கணிதத்தில் டாக்டர் பட்டமும் எய்தி, வாசரிலேயே கணிதம் கற்பித்து வந்தார். ஹாப்பர் என்பது கணவர் வழி வந்த பெயர். இரண்டாம் உலகப் போர் மூளவே, கடற்படையிற் சேர விழைந்தார். வயதோ கூடுதல், உடல் எடையோ குறைவு. ஆயினும் விலக்குப் பெற்று 1943-இற் சேர்ந்தார். 1944-ஆம் ஆண்டு ஜூலையில் ஹார்வார்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் ஒன்று என்னும் கணக்கிடும் பொறியிடம் அனுப்பப்பட்டார்.

அப்பொறி 51 அடி நீளமுடையது. ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல்களைச் செய்ய வல்லது. அதற்குரிய கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டனர். துளையொன்று இடம் மாறினும் கணக்குக் கெடும். துளை சரியாயிருந்தும் பொறியினுள் ஏதேனும் ஓர் உறுப்புப் பழுதுறின் அப்போதும் கெடும். குற்றம் நாடாவினதா, பொறியினதா? இவ்வினாவே அங்குப் பணிபுரிந்தோரின் இரவுகளையும் பகல்களையும் கொண்டது.

இனி, உலகெங்கும் பேசப்படும் விட்டிற்பூச்சியின் கதைக்கு வருவோம். 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், மார்க் இரண்டு என்னும் அடுத்த பொறி காலை 8 மணிக்குத் தொடங்கப்பட்டு 10 மணிக்கு நிறுத்தப்பட்டது. மின்விசையால் மூடித் திறக்கும் ரிலே என்னும் சிறு கருவிகள் சில, சோதனையில் தவறின, அவற்றை மாற்றினர். 11 மணிக்குக் கொசைன் நாடாவை ஓட்டி, அதனைச் சைன் கொண்டு சரிபார்த்தனர். பிற்பகல் 3.25-க்குப் பெருக்கல், கூட்டல் பகுதிகளுக்குரிய சோதனையைத் தொடங்கினர். 3.45-க்கு எஃப் பலகையின் 70-ஆம் ரிலேயில் ஒரு விட்டில் அகப்பட்டுக் கிடப்பதைக் கண்டனர். அதனை எடுத்துப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சி அகப்பட்ட முதல் நிகழ்ச்சி இதுவென்று வேடிக்கையாக எழுதிவைத்தனர். இயந்திரக் கோளாற்றைப் பூச்சியென்று குறிக்கும் வழக்கம் எடிசன் காலத்திலேயே, 1878-இலேயே, இருந்தமையால்தான் அது வேடிக்கையாயிற்று.

பூச்சியைக் கண்டவர் அம்மையாரே என்று எழுதுவோர் பலர். அது பொருந்தாது. கண்டவர் உடன் பணிபுரிந்தோர். அக்கதையை மேடைதோறும் சொல்லிப் பரப்பியவரே அம்மையார். நமக்கோ பூச்சியினும் அந்த நாளின் வரிசையே வியப்பளிக்கின்றது. விடை முன்னரே தெரிந்த கணக்கைப் பொறியிடம் கொடுத்தல் வேண்டும். அதுவும் தவறின், குற்றம் பொறியினது; அது செவ்வனே நடப்பின், புதிய நாடாவை ஐயுறலாம். பின்னர்ப் பகுதி பகுதியாகச் சோதித்து ஐயத்தின் எல்லையைச் சுருக்கலாம். இந்நாளில் தொடங்க மறுக்கும் நிரலுக்கும் இதுவே வழி. வேறொரு நிரல் தொடங்குகின்றதா என்று முதலிற் பார்க்க. தொடங்குமாயின், மறுக்கும் நிரலுக்கு வேண்டிய கோப்புகள் உளவா, அவை உரிய பதிப்பினவா என்று ஒவ்வொன்றாக ஆராய்க. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால், எது பழுது என்பது ஒருநாளும் விளங்காது.

1949-இல் அம்மையார் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட் மாக்லி கம்பெனியிற் சேர்ந்தார். அங்கிருந்த பினாக் என்னும் பொறிக்காக எட்டின் அடிப்படையில் எண்ணிப் பழகியதால், தம் வங்கிக் கணக்கையும் அவ்வாறே கழித்து வர, மாதக்கணக்காக அது பொருந்தவேயில்லை. வங்கித் தொழிலிலிருந்த தம்பியாரே காரணத்தைக் கண்டறிந்தார்.

அக்காலத்தில் ஒருவர் எழுதிய சிறு நிரற்பகுதியை மற்றொருவர் தம் நிரலுக்குள் கையாற் பெயர்த்தெழுதுவர். ஒவ்வொரு முகவரியையும் புதிய இடத்திற்கேற்பக் கூட்டித் திருத்துவர். பெயர்த்தெழுதுகையில் 4 என்னும் இலக்கம் வெற்றிடத்தைக் குறிக்கும் டெல்டா ஆகிவிடும். பி என்னும் ஆங்கில எழுத்து 13 ஆகிவிடும். கூட்டலும் பெயர்த்தெழுதலும் மனிதர் தவறுவதற்கே உரியவை, பொறிக்கோ அவை எளியவை என்பதை அம்மையார் கண்டார். பகுதிகளுக்கு எண்ணிட்டுக் காந்த நாடாவில் வைத்து, எண்ணைச் சொன்ன அளவில் பொறியே அவற்றை எடுத்துக் கோத்துக்கொள்ளுமாறு 1952-இல் ஏ-0 என்னும் தொகுப்பியை அமைத்தார். பொறி கணக்குப் போடுமேயன்றி நிரல் எழுதாதென்று எண்ணியோர் அதனை எளிதில் நம்பவில்லை.

பின்னர், ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுத ஃப்ளோமாட்டிக் என்னும் மொழியைத் தம் குழுவினரோடு உருவாக்கினார். 1959-இற் கூடிய குழுவினர் அதனைப் பெரிதும் தழுவிக் கோபால் மொழியை வகுத்தனர். 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இருவேறு கம்பெனியாரின் பொறிகளில் ஓடிக் காட்டிற்று. ஆயினும், ஒவ்வொரு கம்பெனியும் தன் மனம்போல அம்மொழியை மாற்றவே, ஒரு பொறியில் ஓடிய நிரல் மற்றொன்றில் மறுக்கத் தலைப்பட்டது. 1966-இறுதியில் ஓய்வு பெற்றிருந்த அம்மையாரைக் கடற்படையார் 1967-இல் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைத்தது இக்குறை தீர்க்கவே. தொகுப்பிகள் பொதுவிதிக்கு இணங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை நிரல்கள் அவர் மேற்பார்வையில் எழுந்தன. ஆறு மாதம் பத்தொன்பது ஆண்டாக நீண்டது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பாஸ்டன் துறையில் நின்ற கான்ஸ்டிடியூஷன் என்னும் பழங்கப்பலின் தளத்தில், ரியர் அட்மிரல் பதவியோடு தமது 79-ஆம் வயதில் விடைபெற்றார்.

அம்மையார் 1992-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் காலஞ்சென்றார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். விட்டில் ஒட்டிய அக்குறிப்பேடு வாஷிங்டன் நகரத்து அமெரிக்க வரலாற்றுக் காட்சிசாலையிற் பாதுகாக்கப்பட்டு வருகின்றது.