அளவுகோல் சமைத்த அறிஞர் அல்பிரெட் பினே

ஆசிரிய கலாசாலையில் உளநூல் பயின்றோருள் பினே என்னும் பெயரைக் கேளாதார் இலர். நுண்மதிச் சோதனையின் தந்தை என்ற ஒரு வரியோடு அப்பெயரை மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். கருதுகோள், மாறி, மாதிரி, நியமம் முதலிய ஆய்வுமுறைச் சொற்களும் அவ்வாறே ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. அச்சொற்களின் பொருளைத் தம் வாழ்வில் விலைகொடுத்து அறிந்தவர் பினே. அவர் சரிதத்தைச் சுருங்கக் கூறுவாம்.

இன்று பிரான்சுக்குரியதாகிய நீஸ் நகரில் 1857ஆம் ஆண்டு யூலை 8ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வைத்தியர், தாயார் ஓவியர். பாரிஸ் நகரிற் சட்டம் பயின்று 1878இல் தேறினாராயினும் அத்துறையில் அவர் மனம் பற்றவில்லை. தேசிய நூலகத்தில் அமர்ந்து உளநூல்களைக் குருவின்றித் தாமே கற்றார்.

1883 முதல் ஏறக்குறைய ஏழாண்டுகள் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஷார்க்கோ என்னும் பேர்பெற்ற வைத்தியரின் கீழ்ப் பணிபுரிந்தார். அங்கே பெரே என்பவருடன் கூடி நிகழ்த்திய காந்தப் பரிசோதனைகளே அவர் வாழ்வின் பெருஞ் சறுக்கலாயின. அறிதுயிலில் ஆழ்த்திய நோயாளரின் அருகே காந்தத்தைக் கொண்டுசெல்ல, உடலின் ஒருபக்கத்து முடக்கம் மறுபக்கத்துக்கு மாறிற்று என்று இருவரும் உலகுக்கு அறிவித்தனர். பெல்சிய அறிஞராகிய டெல்பெவ் நேரில் வந்து பார்த்தார். நோயாளரின் கண்முன்னே காந்தம் எடுக்கப்படுகின்றது. என்ன நிகழும் என்பது அவர் செவிகேட்கவே பேசப்படுகின்றது. காந்தம் என்னும் மாறி ஒன்றே வினைசெய்வதாக எண்ணிய இடத்தில், எதிர்பார்ப்பு என்னும் வேறொரு மாறி ஒளிந்திருந்தது. காந்தம் இருப்பதை நோயாளர் அறியாதவாறு செய்து ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாடு இல்லை. மாதிரியோ ஒரு சிலர்; அவர்களும் இத்தகைய காட்சிகளிற் பன்முறை பழகியவர்கள். முதலிற் சினந்து மறுத்த பினே, பின்னர்த் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். முப்பது வயது கடந்த ஓர் ஆய்வாளர்க்கு இஃது எத்துணை அவமானம் என்பதை நாம் ஊகித்தல் கூடும்.

வைத்தியசாலையை விட்டு நீங்கிய அவர், தம் இரு புதல்வியரையே உற்றுநோக்கத் தொடங்கினார். நான்கு வயது மகளின் முன் இருகுவியலாக வில்லைகளைப் பரப்பி, எது மிகுதி என வினவினார். சிறிய வில்லைகள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பினும், பெரியவை கூடிய இடத்தை அடைத்தமையால் அவையே மிகுதி என்றாள் குழந்தை. நோயாளர் கூட்டத்திற் காணாத உண்மை வீட்டு மேசையிற் கிடைத்தது.

1891இல் சோபோன் ஆய்வுகூடத்திற் சேர்ந்து, சில ஆண்டுகளில் அதன் தலைவரானார். பிரான்சிற் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. தம்மை ஏமாற்றிய அந்த எதிர்பார்ப்பையே இப்போது ஆய்வுப்பொருளாக்கினார். 1900இல் வெளியிட்ட நூல் இதனைப் பற்றியது. மாணவர்க்குக் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டி வரையச் செய்தார். முதல் ஐந்து கோடுகள் படிப்படியே நீண்டன. பின்னையவெல்லாம் ஒரே நீளத்தன. பிள்ளைகளோ கோடு வளர்வதாகவே எண்ணி மேன்மேலும் நீட்டி வரைந்தனர். தலையின் அளவைக்கொண்டு அறிவை அறியலாம் என்ற கொள்கையையும் அவர் சோதித்தார். கெட்டிக்காரர்க்கும் பின்தங்கியோர்க்கும் இடையே கண்ட வேறுபாடு மிகச் சிறிது. அளக்கும் தம் கையிலேயே விருப்பம் புகுந்துவிடுமோ என்றும் ஐயுற்றார். காந்தம் கற்பித்த பாடம் வீண்போகவில்லை.

1904இல் பிரெஞ்சுக் கல்வியமைச்சு ஒரு குழுவை நியமித்தது. தனிப்போதனை வேண்டும் பிள்ளைகளை எவ்வாறு இனங்காண்பது என்பதே வினா. ஒரே பிள்ளையை ஒரு வைத்தியர் ஒருவாறும் இன்னொருவர் வேறொருவாறும் வகைப்படுத்துவர். குறும்பனை அகற்ற விரும்பும் ஆசிரியரின் சொல்லும் சான்றாகாது. கடைசி வாங்கிலிருப்பவனை மந்தனென்று முத்திரை குத்தும் வழக்கம் பாரிஸ் நகருக்கு மட்டும் உரியதன்று! பினே, சிமோன் என்னும் இளம் வைத்தியருடன் சேர்ந்து 1905இல் முப்பது சோதனைகள் கொண்ட அளவையை ஆக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண்ணாற் பின்தொடர்தல் முதலாவது. கருத்துச் சொற்களின் வேறுபாட்டை உரைத்தல் இறுதியானது. யார் சோதிப்பினும் வினாவும் முறையும் ஒன்றாதல் வேண்டும் என விதித்தார். 1908இல் அளவையைத் திருத்தி, 3 முதல் 13 வரையான வயதுகளுக்கு வகுத்தார். ஒரு வயதுப் பிள்ளைகளிற் பெரும்பான்மையோர் செய்யவல்லது எதுவோ, அதுவே அவ்வயதின் நியமம். நியமமானது அறிஞரின் நாற்காலியிலிருந்து பிறவாமல் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்தே பெறப்பட்டது என்பதை மாணவர் கவனிப்பாராக.

அவ்வெண் பிள்ளையின் அன்றைய நிலையை மட்டுமே காட்டும் என்பது பினேயின் உறுதி. பயிற்சியால் கவனமும் நினைவும் வளரும் எனக் கொண்டு, பின்தங்கிய பிள்ளைகளுக்கென மனப்பயிற்சி முறைகளையும் வகுத்தார். 1909இல் எழுதிய நூலில், அறிவு மாறாதது என்போரை வன்மையாகக் கண்டித்தார்.

மூன்றாந் திருத்தம் வெளிவந்த 1911ஆம் ஆண்டிலேயே, ஒக்டோபர் 18ஆம் நாள், தமது 54ஆம் வயதில் அவர் காலமானார். மறுவருடம் ஜெர்மனியில் ஸ்டேர்ன் என்பவர் மனவயதை உண்மை வயதால் வகுத்து ஈவு காணும் முறையைப் புகுத்தினார். 1916இல் அமெரிக்காவில் டேர்மன் அதனை நூறாற் பெருக்கி ஓர் இலக்கமாக்கினார். அவ்விலக்கம் பிறப்பிலேயே எழுதப்பட்ட விதிபோலப் பல நாடுகளிற் கையாளப்படலாயிற்று. 1961 வரை வாழ்ந்த சிமோன், தாம் இருவரும் ஆக்கிய அளவையின் நோக்கத்துக்கே இஃது துரோகம் என்று வருந்தினார்.