ஒட்டோ லோவி

ஒட்டோ லோவி (ஜூன் 3, 1873 – டிசம்பர் 25, 1961) ஜெர்மனியில் பிறந்த மருந்தியலாளர் ஆவார். நரம்புகள் தம் செய்தியை வேதிப்பொருள் மூலம் உறுப்புகளுக்குக் கடத்துகின்றன என்பதைச் சோதனை வழியாக நிறுவியவர். இதற்காக 1936 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஹென்றி டேலுடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கைச் சுருக்கம்

பிராங்க்ஃபுர்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த லோவி, 1896 இல் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மார்பூர்க், வியன்னா ஆகிய நகரங்களில் பணியாற்றியபின், 1909 இல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியரானார்.

தவளை இதயச் சோதனை

நரம்பின் தூண்டல் மின்சாரமாகவே உறுப்பை அடைகிறது என்று அக்காலத்தில் பலர் கருதினர். இதைச் சோதிக்கும் வழி லோவிக்குக் கனவில் தோன்றியது. விழித்தெழுந்து எழுதிவைத்த குறிப்பைக் காலையில் அவராலேயே படிக்க இயலவில்லை. மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் தோன்றவே, உடனே ஆய்வகம் சென்றார்.

இரண்டு தவளை இதயங்களை உப்புக்கரைசலில் துடிக்கவிட்டு, முதல் இதயத்தின் வேகசு நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு மந்தமானது. அவ்விதயத்திலிருந்த கரைசலை இரண்டாவது இதயத்தில் செலுத்தியபோது, நரம்பு தூண்டப்படாத அதுவும் மந்தமாயிற்று. இம்முடிவு 1921 இல் வெளியானது. சிலரால் இச்சோதனையைத் திரும்பச் செய்ய இயலாததால் ஐயங்கள் எழுந்தன. 1926 இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் லோவி அதனை அறிஞர்கள் முன்னிலையில் செய்துகாட்டினார். அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது. உடலிலுள்ள நொதி அதனை விரைவில் சிதைத்துவிடுவதையும் அவர் கண்டறிந்தார்.

நாடு நீங்கல்

1938 மார்ச்சில் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது லோவியும் அவருடைய இரு மகன்களும் சிறைப்பட்டனர். தாம் கொல்லப்படலாம் என அஞ்சிய அவர், தமது இறுதி ஆய்வின் முடிவு அழியாதிருக்க அதனை அஞ்சலட்டையில் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினார். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப்பின் விடுதலையானார். நோபல் பரிசுத் தொகையை நாசிகளிடம் ஒப்படைத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற முடிந்தது. பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் தங்கியபின், 1940 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1946 இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

முக்கியத்துவம்

லோவி காட்டியது நரம்புக்கும் இதயத்துக்கும் இடையிலான தொடர்பையே. நரம்பணுக்களுக்கு இடையிலும் வேதிக்கடத்தல் நிகழ்கிறது என்பதை, அதுவரை மின்கடத்தலை வலியுறுத்திவந்த ஜான் எக்கிள்ஸ் 1951 இல் தமது சோதனையால் ஏற்றுக்கொண்டார். மீனின் விழித்திரை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கு ஒளியேற்பிகள் இருளில் குளுட்டாமேட்டு என்னும் வேதிப்பொருளை இடையறாது வெளியிட்டு, அடுத்துள்ள கிடை நரம்பணுக்களைத் தூண்டுகின்றன. ஒளி பட்டதும் அவ்வெளியீடு குறைகிறது. அக்குறைவே பார்வைச் செய்தியாகிறது.