மாசு பிடிக்காத மேதை

லேப்ல தெர்மாமீட்டரைப் பார்த்தாலே எனக்கு காமர்லிங் ஆன்ஸ் ஞாபகம்தான்! 1853-ல் நெதர்லாந்தில் பிறந்தவர். லெய்டன் ஆய்வுக்கூடத்தில் 1908 ஜூலை 10 அன்று முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். கிடைத்தது 60 மில்லிதான். மாசு இருந்தால் மின்தடை முழுசா குறையாது என்று எண்ணி, வடித்துச் சுத்தமாக்கிய பாதரசத்தை எடுத்தார். 1911-ல், மைனஸ் 269 டிகிரியில் மின்தடை திடீரென மாயம்! அதுதான் மீக்கடத்துதிறன். கூட இருந்து அளந்தவர் ஹோல்ஸ்ட். கட்டுரை ஆன்ஸ் பெயரில் மட்டும். இது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கலை. 1913-ல் நோபல் பரிசு, 1926-ல் மறைந்தார்.

2004-ல் ரஷ்ய விஞ்ஞானிகள், மின்சாரம் கடத்தாத வைரத்தில் போரானை மாசூட்டினாங்க. கிட்டத்தட்ட அதே குளிரில் அதுவும் மீக்கடத்தி ஆயிடுச்சு! ஆன்ஸ் இருந்திருந்தா நம்பியிருப்பாரா?