ஜான் கிப்பன்

இதயத்தின் மேலறைகளைப் பிரிக்கும் சுவரிற் சிலர்க்குப் பிறவியிலேயே துளையுண்டு. அதனைத் தைக்க இதயத்தைத் திறத்தல் வேண்டும். திறப்பின் உயிர் நில்லாது. இவ்விடர் தீர்க்கப் புகுந்தவர், 1903-இல் பிலடெல்பியாவிற் பிறந்த ஜான் கிப்பன். 1931-இல் நுரையீரற் குழாய் அடைபட்டு இறந்த பெண்ணொருத்தியின் அருகே இரவெல்லாம் விழித்திருந்தபோதே இதயநுரையீரற் பொறியின் எண்ணம் அவர்க்கு உதித்தது. மனைவியார் மேரியும் உடனுழைக்கப் பூனைகளிற் சோதித்தார்.

1952-இல் ஒரு குழவிக்கு இத்துளையே நோயெனத் துணிந்து அறுத்தார், துளை அங்கில்லை. குழவி இறந்தது. மூடவேண்டிய வேறொரு குழாய் மூடாதிருந்தமை பின்னரே புலப்பட்டது. நெஞ்சின் உட்புறங்காட்டும் ஒலியலைப் படம் அந்நாளில் இல்லை என்பதை நாம் நினைத்தல் வேண்டும்.

1953 மே 6-இல் 18 வயது நங்கையொருத்தியின் துளையைத் தைத்தார். 26 நிமிடம் பொறியே அவட்கு இதயமாயிற்று. பிழைத்தாள். அடுத்துச் சிறுமியர் இருவர் மாளவே, அவ்வறுவையையே விடுத்தார். அதனைக் கோழைமை என்பார்க்கு நாம் உடன்படோம். பொறியைப் பிறர் திருத்தினர். இன்றோ, நத்தத்துப் பிள்ளைக்கும் மதுரையிலேயே, மார்பு திறவாமல், தொடைக் குருதிக்குழாய் வழியே மூடி செலுத்தித் துளையடைத்தல் கூடும்.

கிப்பன் 1973-இல் டென்னிஸ் ஆடுகையில் மாரடைப்பால் இறந்தார்.