வாயற்ற உயிர்களுக்காக வாதாடிய அம்மையார்

சிதம்பரம் கோபுர வாயிலில் நூற்றெட்டுக் கரணங்களைக் கல்லிலே கண்டு மகிழ்கிறோம். அந்த ஆடற்கலையைப் பயிற்றுவிக்க 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் என்றே ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரைப் பலரும் அறிவர். கொல்லாமையை முதல் அணுவிரதமாகக் கொண்ட நாம், அவர்தம் மற்றொரு பணியையும் அறிதல் வேண்டும்.

அம்மையார் 29-2-1904 அன்று மதுரையில் பிறந்தார். பிரம்மஞான சபைச் சூழலில் வளர்ந்து, 1920-இல் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்றார். மறு ஆண்டே விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தனி உறுப்பினராகக் கொணர்ந்தார். அரசே விரிவான சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு 1954-இல் உறுதியளிக்கவே, அதனைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் நிறைவேறியது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அச்சட்டம் உணவுக்கான கொலையையோ, சமயச் சடங்கிற்கான கொலையையோ தடுக்கவில்லை. ஆராய்ச்சிச் சோதனைகளுக்கும் இடமளித்தது. இதனால் அதனைக் குறைவென்று தள்ளலாமா? மகாவிரதம் ஏலாத இல்லறத்தார்க்கு அணுவிரதம் அமைந்தது போல, நாடு ஏற்கக்கூடிய முதற்படி அது.

அந்நாளில் போலியோ தடுப்பு மருந்துக்காகவும் சோதனைகளுக்காகவும் நம் நாட்டுக் குரங்குகள் பல்லாயிரக்கணக்கில் ஏற்றுமதியாயின. குழந்தைகளைக் காக்கும் மருந்து என்பதால் எதிர்த்துப் பேசுவது எளிதன்று. அம்மையார் அயராது எதிர்த்தார். 1978-இல் மொரார்ஜி தேசாய் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோதும் அம்மையார் அதனை ஏற்கவில்லை. 24-2-1986 அன்று மறைந்தார்.

அவர் காட்டிய வழி பின்னரும் நீண்டது. 2017-இல் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் உரோமத் தோல்களை இறக்குமதி செய்ய இந்தியா தடை விதித்தது. வணிக ஒப்பந்தங்கள் இதற்குக் குறுக்கே நிற்கும் என்பாருண்டு. ஐரோப்பாவின் சீல் தோல் தடை பற்றிய வழக்கில், பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை விதிக்கலாம் என்பதை உலக வணிக அமைப்பு 2014-இல் ஏற்றது. தடையை எல்லா நாட்டினர்க்கும் ஒப்ப நடத்துமாறு மட்டும் பணித்தது.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் நம் முன்னோர் பள்ளி அமைத்து அறம் வளர்த்தனர். அவர்தம் வழிவந்த நாம், பிள்ளைகளுக்குக் குளிராடையோ தோற்பையோ வாங்கும்போது, அது எவ்வுயிரின் உடலிலிருந்து வந்ததெனக் கேட்போமாக. துறைமுகத்தில் சட்டம் தடுக்கும். இல்லத்து வாயிலில் தடுப்பது நம் கடமையாகும்.